தாரகை விதி

சிக்குலிக்கின் பனி ஓடுதளத்தில் விமானம் இறங்குவதற்குள்ளாகவே தாரகையின் மனநகல் அவளுடைய காரியங்களை முடித்துவிட்டிருந்தது. விடுதியில் அறை பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மீன் போதும் என்று சொல்லியிருந்தது. பேராசிரியர் திலகாவும் அவளும் ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ளலாமா என்று விடுதி கேட்டதற்கு, சரி என்றும் பதில் போயிருந்தது.

"ஒரே கட்டிலா?" தாரகை கைத்திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த சாதிக் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மேலப்பாளையத்துக்காரன். அவளோடு சென்னைத் துருவ ஆய்வுப் பள்ளியில் படிப்பவன்.

"மேடம் குறட்டை விட்டா இந்த விமானமே ஆடும். நீ எப்படி சரின்ன?"

"நான் எங்க சொன்னேன்? நகல் சொல்லிச்சு."

"நகல் யார்ட்ட கத்துக்கிட்டு? உன்கிட்டதான? மேடம் முன்னால நீ என்னைக்காவது மாட்டேன்னு வாயத் தொறந்திருக்கியா?"

தாரகை பதில் சொல்லவில்லை. சாதிக் விரலை மடக்கினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிஞ்சிட்டு. ஆட்சேபம் இல்லை!"

அது அவர்களுக்குள் பழகிய கேலி. மூன்று விநாடி என்பது தாரகையின் கண்டுபிடிப்பு.

மனநகல் எல்லாருக்கும் இருந்தது. பதினைந்து வயதானதும் காதில் ஒரு செவிப்பொத்தானை மாட்டிவிடுவார்கள். நீங்கள் பேசுவதை எல்லாம் அது கேட்கும். கேட்டுக் கேட்டு, எந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று உங்களைப் போலவே சொல்லத் தொடங்கும். அவசரத்திலும் ஆத்திரத்திலும் மனிதர் போடும் கையெழுத்தைவிட மனநகல் போடும் கையெழுத்து நிதானமானது என்று நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. அதன் பிறகு வங்கிக்கும் கல்லூரிக்கும் நேரில் போவாரில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மனிதர்கள் பல கேள்விகளுக்கு வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தை நகல் எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்த தாரகைதான் வழி சொன்னாள். கேள்வி கேட்டு மூன்று விநாடிக்கு மேல் பதில் இல்லை என்றால், மறுப்பில்லை என்று பொருள். பெண் பார்க்க வந்த கூடத்தில், பள்ளிக்கூட வகுப்பறையில், அப்பா பேசும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தான் கண்டதை எல்லாம் அவள் கணிதச் சூத்திரமாக எழுதினாள். பேராசிரியர் திலகா அதற்குத் 'தாரகை விதி' என்று பெயர் வைத்தார். தங்கப் பதக்கம் கிடைத்தது. சென்ற ஆண்டு உலகத்தின் எல்லா மனநகல்களிலும் அந்த விதியை ஏற்றிவிட்டார்கள்.

அதற்கும் முன்பே ஊர்மனங்களில் ஏற்றியாகிவிட்டது. ஊர்மனம் என்பது ஒரு ஊர் முழுவதற்குமான நகல்.

துருவக் கடல் உடன்படிக்கை ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. பனிக்கடலின் மேல் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் சம்மதிக்காமல் எந்தக் கப்பலும் பனியை உடைக்கக் கூடாது. அந்த ஒரு வரிக்காக வடதுருவத்து ஆதிக்குடிகள் நாற்பது ஆண்டுகள் போராடினார்கள். ஆனால் சம்மதம் கேட்பது பெரும்பாடாக இருந்தது. விமானம் போகாது, புயல் வரும், ஊர் முழுக்க வேட்டைக்குப் போயிருக்கும். ஊர்மனம் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஊர்மக்கள் பேசியதைச் சில மாதங்கள் பதிவு செய்தால் போதும். பிறகு எதைக் கேட்டாலும் ஊர் என்ன சொல்லுமோ அதை அது ஒரு நொடியில் சொல்லிவிடும்.

இனுயிட் மக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் சிக்குலிக்கின் ஊர்மனத்தைச் செய்தவள் தாரகை. முந்நூற்று நாற்பது மணி நேரப் பதிவைச் சென்னையில் உட்கார்ந்து வரி வரியாகக் குறித்தவள் அவள். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இன்று மாலை நான்கு மணிக்கு உடன்படிக்கை ஆணையம் அந்த ஊர்மனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும். சிக்குலிக் நீரிணையின் குறுக்கே ஆண்டு முழுவதும் கப்பல் போகப் பனியை வெட்டிக் கால்வாய் போடலாமா? பதிலை ஊர்மக்கள் முன்னிலையில் கேட்கத்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

அந்த ஊரை அவள் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

ஓடுதளத்தில் பனிவண்டியோடு நின்றிருந்தவள் எலிசாப்பீ. நாற்பது வயது. ஊர்மன்றத்தின் தலைவி, ஊர் வானொலியில் தினமும் காலையில் வானிலையும் வம்பும் பேசுகிறவள். செவிப்பொத்தான் அவளுடைய இனுயிட் மொழியைக் கேட்பவரின் வீட்டுத் தமிழாக மாற்றித் தரும். தாரகையின் வீடு பழவேற்காடு. ஆகவே அவள் காதில் எலிசாப்பீ கரையில் மீன் ஏலம் விடுகிற பெண்ணைப் போலவே பேசினாள்.

"இன்னாம்மே, குளுருதா? சட்டையப் பாத்தா ஊட்டிக்கு வந்தா மாரி இருக்குது. வா, வண்டியில குந்து."

தாரகைக்குச் சிரிப்பு வந்தது. சாதிக்குக்கு அதே பேச்சு நெல்லைத் தமிழில் கேட்டது. "என்னைய 'ஏலே'ங்குதா இந்த அக்கா," என்றான் சந்தோஷமாக. பேராசிரியர் திலகா தன் காதில் என்ன கேட்டது என்று சொல்லவில்லை. வேறு வண்டியில் ஏறி ஊர்க்கூடத்துக்குப் போய்விட்டார். ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும்.

போகிற வழியில் எலிசாப்பீ வண்டியை நிறுத்தி நீரிணையைக் காட்டினாள். மார்ச் மாத வெயிலில் பனி கண்ணைக் கூசவைத்தது. அதன் மேல் வண்டித்தடங்கள் அக்கரை வரை போயின.

"ரோடு," என்றாள். "வருசத்துல ஒம்போது மாசம் அதான் எங்க ரோடு. கறியும் அங்கதான், என் தங்கச்சியும் அங்கதான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தபா கப்பல் போச்சுன்னா இந்தப் பனி எப்ப ஒட்டும்? தண்ணியில வண்டி ஓட்டுவியா நீ?"

தாரகைக்குப் புரியவில்லை. இவ்வளவு கோபம் இருக்கிறதா? அவள் செய்த ஊர்மனம் சோதனை ஓட்டத்தில் பதினேழு முறை கேட்டபோதும் கால்வாய்க்குச் சரி என்றுதான் சொல்லியிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு சம்மதம். தலைவிக்கு ஒரு கருத்து, ஊருக்கு ஒரு கருத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எலிசாப்பீயின் வீடு சூடாக இருந்தது. தேநீரும் தட்டையான ரொட்டியும் வந்தன. நாற்காலிகளில் எல்லாம் கம்பளிகள் கிடந்தன. ஒரு நாற்காலியில் மட்டும் பாதி தைத்த கடல்நாய்த் தோல் விரித்திருந்தது.

"இங்க உக்காரலாமா?" என்றாள் தாரகை.

எலிசாப்பீ அவளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தாரகை உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த வேகத்திலேயே 'ஐயோ' என்று எகிறிக் குதித்தாள். தோலுக்குள் மூன்று விரல் நீள ஊசி குத்தி வைத்திருந்தது. சாதிக்கின் தேநீர் மூக்கில் ஏறியது.

"ஏம்மே, வாணாம்னு சொன்னேன்ல?" என்றாள் எலிசாப்பீ.

"எப்போ சொன்னீங்க?"

"இப்பதான். மூஞ்சியப் பாத்துக்கினேதான இருந்தே?" எலிசாப்பீ மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். பிள்ளைகள் கசப்பு மருந்தைப் பார்த்துச் செய்வது போல, ஒரு நொடி. "இது வாணாம்." பிறகு இரண்டு புருவங்களையும் மேலே தூக்கினாள். "இது சரி. இதுக்குப் போயி வாயத் தொறப்பாங்களா? மைனஸ் நாப்பதுல வாயத் தொறந்தா பல்லு கூசும்."

சாதிக் சிரித்துக்கொண்டே இருந்தான். தாரகை சிரிக்கவில்லை. ஊசி குத்திய வலி எங்கோ போய்விட்டது.

"எலிசாப்பீ... எங்க பதிவுல கேள்வி கேட்டப்போ..."

"கேட்டது இன்னா நீயா? எங்க ஊர்ப் பொண்ணுங்கதான. கேட்டாளுங்க, பாத்தாளுங்க, புரிஞ்சுக்கினு அடுத்த கேள்விக்குப் பூட்டாளுங்க."

"படம் ஏன் எடுக்கலை? குரல் மட்டும்தானே வந்துச்சு?"

"எங்க மூஞ்சி எங்களுது. போன தபா ஆராய்ச்சிக்கு வந்தவன் எங்க மூஞ்சிய பிஸ்கட் பாக்கெட்டுல போட்டுட்டான். அதனால குரல் மட்டும்னு மன்றத்துல தீர்மானம் போட்டோம். உங்க மேடம் கையெழுத்து போட்டாங்களே."

"கால்வாய் கேள்விக்கு... பதினாலாவது கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

எலிசாப்பீ மூக்கைச் சுருக்கினாள். "எத்தினி தபா! ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேட்டாளுங்க. மூணு நாளு சுருக்கிச் சுருக்கி மூக்கே வலிச்சுது. ஊர்ல எல்லாருக்கும்தான்."

சாதிக்கின் சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதிவுகளில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தாரகை தன் கையால் '(மௌனம்)' என்று குறித்திருந்தாள். அத்தனையையும் அவள் விதி ஒரே அடியில் சம்மதமாக மாற்றியிருந்தது. ஒரு ஊரே வேண்டாம் வேண்டாம் என்று முகத்தால் கத்தியிருக்கிறது. அவள் காதை மட்டும் வைத்துக்கொண்டு, ஆஹா என்ன சாதுவான ஜனங்கள் என்று எழுதியிருக்கிறாள்.

"ஏ தாரகை," சாதிக்கின் குரல் இறங்கியிருந்தது, "உன் விதி இந்த ஒரு ஊர்ல மட்டும் இல்லையே."

இல்லை. அறுபத்து மூன்று ஊர்மனங்களில் இருந்தது.

ஊர்க்கூடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பாதி ஊர் வந்துவிட்டிருந்தது. சுவரில் ஆணையத்தின் தீர்ப்புத்திரை பளபளத்தது. பேராசிரியர் திலகா பட்டுப்புடவை மேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தாரகை சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அறுபத்து மூணு," என்றார். "அதுல முப்பது இடத்துல வேலையே ஆரம்பிச்சாச்சும்மா. சுரங்கம். துறைமுகம். ஒரு ஊரை இடம் மாத்தியே ஆச்சு. ஐயோ கடவுளே."

"நிறுத்தணும் மேடம். நாலு மணிக்குள்ள."

"யார்கிட்ட சொல்றது? ஆணையத்துல ஏழு பேரும் நகலைத்தான் அனுப்பியிருக்காங்க. ஆளுங்க எல்லாம் எங்க இருக்காங்கன்னு நகலுக்கே தெரியாது."

எலிசாப்பீ இதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்கக் கேட்க அவள் கண்கள் அகலமாயின. பிறகு இவர்களை விலக்கிக்கொண்டு நேரே ஒலிவாங்கிக்குப் போனாள்.

"இதுல பேசுனா அதுக்குக் கேக்கும்ல?" என்றாள். "கேளு. நான் சிக்குலிக் ஊர்மன்றத் தலைவி. எங்களுக்கு இந்தக் கால்வாய் வாணாம். வா-ணாம்."

தீர்ப்புத்திரை மரியாதையான குரலில் பேசியது. "கருத்துக்கு நன்றி. சிக்குலிக் மக்கள் இந்தக் கேள்விக்கு ஒருபோதும் உரத்த மறுப்புச் சொன்னதில்லை. உங்கள் பதில் ஊர்மனத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே ஒத்துப்போகிறது. ஆகவே நீங்கள் சிக்குலிக்கைச் சேர்ந்தவராகக் கருதப்படவில்லை. வெளியூர் விருந்தினர்கள் தங்கள் கருத்தை நிகழ்ச்சி முடிந்ததும் தெரிவிக்கலாம்."

கூடத்தில் எல்லாரும் எழுந்தார்கள். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் கத்தினார்கள். வாழ்நாளில் அப்படிக் கத்திப் பழகாதவர்கள், குரல் உடைய உடையக் கத்தினார்கள். திரையில் எண் நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கியது.

"கூட்டத்தில் வெளியாட்கள் அதிகமாக இருப்பதாகத் தெரிகிறது," என்றது திரை. "சிக்குலிக் மக்கள் அமைதியானவர்கள்."

எலிசாப்பீ திரும்பித் தாரகையைப் பார்த்தாள். "நான் இந்த ஊரு இல்லியா?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். முகத்தில் யாரோ ஐஸ் தண்ணீரை அடித்துவிட்டது போல நின்றாள். "எங்க அம்மா என்னைய இந்தப் பனி மேல பெத்தாடி."

மணி மூன்று ஐம்பது.

"ஒரு வழி இருக்கு," என்றார் பேராசிரியர் சட்டென்று எழுந்து. "விதியை எழுதினவங்க வாபஸ் வாங்கலாம். உடன்படிக்கையில பதினோராவது பிரிவு. விதி போனா ஊர்மனம் எல்லாமே நின்னுடும், அறுபத்து மூணும். தாரகை, விதி உன் பேர்லதான் இருக்கு. நீதான் சொல்லணும்."

தாரகையின் ஆய்வு போய்விடும். பதக்கம் போய்விடும். அதை எல்லாம் அவள் நினைக்கவே இல்லை. ஒலிவாங்கிக்கு ஓடினாள். பெயரைச் சொன்னாள். பதினோராவது பிரிவின்படி விதியைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். குரல் நடுங்கியது.

"பதிவு செய்துகொண்டேன்," என்றது திரை. "உங்கள் குரலில் அதிர்ச்சி தெரிகிறது. அதிர்ச்சியில் எடுக்கும் முடிவுகளை உடன்படிக்கை ஏற்பதில்லை. நிதானமான உங்கள் கருத்தை உங்கள் மனநகலிடம் கேட்கிறேன். சாட்சியாகப் பேராசிரியர் திலகாவின் நகல் உடன் இருக்கும்."

"மேடம் நகல் வேண்டாம்!" என்று சாதிக் பதறினான். "மேடம் இருந்தா அவ வாயத் தொறக்க மாட்டா!"

யாரும் அவனைக் கேட்கவில்லை. திரையில் கேள்வி எழுந்தது.

*தாரகை விதி இப்போதுள்ளபடியே தொடரலாமா?*

தாரகையின் மனநகலுக்கு உருவம் கிடையாது, குரல் மட்டும்தான். எல்லாரும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல், சொல்லித் தொலை என்று தாரகை பல்லைக் கடித்தாள்.

ஒன்று.

பத்து ஆண்டுகளாக அது அவளைக் கேட்டு வளர்ந்தது. வகுப்பில் அவள் மௌனம், ஆய்வுக்கூட்டத்தில் அவள் மௌனம், தன் கட்டுரையில் மேடத்தின் பெயர் முதலில் வந்தபோது அவள் மௌனம்.

இரண்டு.

அத்தனையையும் அவளுடைய விதியே சம்மதம் என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தது.

மூன்று.

"மறுப்பில்லை," என்றது திரை.

"அது நான் இல்லை!" தாரகை அலறினாள். "நான் இங்க நிக்கிறேன்! உயிரோட நிக்கிறேன்! என்னைக் கேளு!"

"அதற்கும் இடம் உண்டு. நகலின் பதிலில் ஐயம் எழுந்தால், உரியவரிடம் அதே கேள்வியை ஒரே ஒருமுறை நேரில் கேட்டு ஒப்பிடலாம். அமைதிக்காகச் சாட்சியைத் தவிர மற்றவர்கள் ஒரு அடி விலகி நிற்கவும்."

கூட்டம் விலகியது. தாரகைக்கு அருகில் பேராசிரியர் திலகா மட்டும் நின்றார். அவர் தலையைப் பலமாக ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. எட்டு ஆண்டுகளில் அவர் அவளைப் பேசச் சொன்னது அதுவே முதல் முறை.

எலிசாப்பீயின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. கூடத்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாருடைய கண்களும். ஜன்னலுக்கு வெளியே பனிச்சாலை அக்கரை வரை வெள்ளையாகக் கிடந்தது.

*தாரகை விதி இப்போதுள்ளபடியே தொடரலாமா?*

ஒரே ஒரு சொல். வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் எதுவோ வந்து அடைத்தது. மேடம் பக்கத்தில் நின்றால் எப்போதும் வந்து அடைக்கிற அதே ஒன்று. அவள் கண்ணில் நீர் முட்டியது. முகம் முழுவதும் இறுகிக் கோணியது. யாரும் சொல்லித் தராமலே மூக்கு மேலேறிச் சுருங்கியது.

எலிசாப்பீ அதைப் பார்த்தாள். "சொல்ட்டா!" என்று கத்தினாள். "வாணாம்னு சொல்ட்டா! பாருங்கடா அவ மூஞ்சிய!"

திரைக்குக் கண் இல்லை. வெளியூர் விருந்தினர் ஒருவரின் குரலை அது சத்தம் என்று ஒதுக்கியது.

"ஒப்பீடு முடிந்தது," என்றது. மணி நான்கு. "நகலும் உரியவரும் ஒத்துப்போகும் அளவு, நூற்றுக்கு நூறு."